காட்டு யாத்திரையும் கைமருந்தும்

பேசின் பிரிட்ஜ் நிலையத்தைக் கடந்ததும் ரயில் பாதை வடக்கே கும்மிடிப்பூண்டிக்கும் மேற்கே திருவள்ளூருக்குமாகப் பிரிகிறது. வாரமெல்லாம் ஆலைப் புகையிலும் துறைமுகத் தூசியிலும் உழலும் வடசென்னை வாலிபர்கள், விடுமுறை நாட்களில் இவ்வழியே காடும் மலையும் நாடிச் செல்லுவது மெச்சத் தக்கதே. 2024-இல் தமிழக அரசாங்கம் அறிவித்த 40 மலையேற்றப் பாதைகளுள் பூண்டிக்கு அருகிலுள்ள குடியம் குகைப் பாதையும் ஒன்று. ஆயின், கட்டுச்சோறு சுமக்கும் தோளில் மருந்துப் பையும் உண்டா என்று கேட்கிறோம். 2018 மார்ச் 11-இல் குரங்கணியில் மூண்ட காட்டுத் தீ 23 உயிர்களைப் பலி கொண்டது. காட்டில் உதவி விரைந்து வாராது என்பதை அத்துயரம் நமக்கு உணர்த்திற்று.

இப்பையை நிரப்ப அந்நிய மருந்துக் கடையை மட்டும் நம்பியிருக்க வேண்டுவதில்லை. குமட்டலுக்குச் சுக்கு, வயிற்றுப் பொருமலுக்கு ஓமம், பல்வலிக்குக் கிராம்பெண்ணெய், கொசுவுக்கு வேப்பெண்ணெய் ஆகியவை நம் அடுக்களையும் நாட்டு மருந்துக் கடையும் தருபவை. ஒவ்வொன்றையும் ஈரம் புகாத சிறு குப்பியில் அடைத்துப் பெயர் எழுதி வைத்தல் நலம். பேதி கண்டவனுக்குக் காய்ச்சி ஆறிய 1 லிட்டர் நீரில், தலை தட்டிய அளவாக 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறுகச் சிறுகப் புகட்டுக. தீப்புண்ணின் மீது மையும் மாவும் வெண்ணெயும் பூசுதல் தவறு. 20 நிமிஷம் குளிர்ந்த சுத்த நீரை ஊற்றி, தூய துணியால் மூடுவதே முறை. துணியும் கட்டுச் சீலையும் இல்லாத பை மருந்துப் பையாகாது.

பாம்புக்கடி வேறு விஷயம். இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 58,000 பேர் இதனால் மடிகின்றனர் என்று 2020-இல் வெளியான ஆராய்ச்சி மதிப்பிட்டது. இங்கே சிறியாநங்கையும் பச்சிலைச் சாறும் உயிர் காக்கமாட்டா. கடிவாயைக் கீறுதல், உறிஞ்சுதல், இறுகக் கட்டுதல் யாவும் கேடு. கடியுண்ட அங்கத்தை அசையாமல் வைத்து, 108-ஐ அழைத்து, நஞ்சு முறிவு மருந்துள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே தூக்கிச் செல்ல வேண்டும்.

இப்படிச் சொல்லுவது சுதேசியத்துக்கு விரோதமென்று அன்பர் சிலர் கருதலாம். அவர்களுக்கு ஒன்று சொல்லுவோம். அந்த முறிவு மருந்துக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பகுதியை நெடுங்காலமாக அளித்து வருவது மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் கூட்டுறவுச் சங்கம். 1978-இல் தோன்றிய அச்சங்கத்தார் நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றைப் பிடித்து நஞ்செடுத்தபின் மீண்டும் காட்டில் விடுகின்றனர். அந்நஞ்சைக் குதிரைகளுக்குச் சிற்றளவில் செலுத்தி, அவற்றின் இரத்தத்திலிருந்தே மருந்து செய்யப்படுகிறது. நம் காட்டுக் குடிகளின் கைத்திறனும் விஞ்ஞானமும் சேர்ந்து பிறந்த மருந்தைக் காட்டிலும் சுதேசி மருந்து வேறுண்டோ?

ஆகவே, வாலிபர் சங்கங்கள் ஒவ்வொன்றும் யாத்திரைக்கு முன் இரண்டு காரியம் செய்தல் வேண்டும்: கைமருந்துப் பையைக் கட்டுக, வழியில் முறிவு மருந்து கிடைக்கும் ஆஸ்பத்திரி எதுவென விசாரித்து, அதன் பெயரை அப்பையின் மேலேயே எழுதுக. பாட்டி வைத்தியத்தைப் போற்றுவோம். அதன் எல்லையையும் அறிவோம்.