இயந்திரம் ஏற்றும் மஞ்சள் விளக்கு

மோட்டார் வண்டி உள்ள இல்லங்களிலே வைத்தியச் செலவுக்கு அடுத்தபடியாக அச்சத்தை விளைவிப்பது யாதென வினவினால், வண்டியின் முகப்புப் பலகையிலே திடீரெனத் தோன்றும் ஒரு சின்னஞ்சிறு மஞ்சள் விளக்கே எனலாம். இயந்திரத்தின் உருவம் பொறித்த அவ்விளக்கு ஒளிரக் கண்டதும் வீட்டுத் தலைவரின் முகம் வாடுகின்றது. வீட்டுத் தலைவியோ அம்மாதச் செலவுக் கணக்கை மறுமுறையும் புரட்டிப் பார்க்கின்றார்.

இவ்வச்சம் காரணமற்றதன்று. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேயே மீளத் தொடங்கிற்று. அந்த ஐந்தாண்டு இடைவெளியில், உள்ள வண்டியையே பேணிக் காக்கும் நிலை பலருக்கும் ஏற்பட்டது. மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கிலும், எழுவான்கரையாயினும் படுவான்கரையாயினும், இன்று ஓடும் கார்களிற் பல நெடுங்காலம் உழைத்தவை. பிள்ளைகளைப் பாடசாலைக்கும், நள்ளிரவில் நோயுற்றவரைப் போதனா வைத்தியசாலைக்கும் கொண்டுசெல்பவை அவையே. ஆதலின் விளக்கைக் கண்டு அஞ்சுவதினும், அது பேசும் மொழியைச் சிறிதேனும் கற்றுக்கொள்ளுதல் நன்று.

விளக்கு பிறந்த கதை

1943ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரைக் கண்ணெரிக்கும் புகைமூட்டம் ஒன்று சூழ்ந்தது. போர்க்காலமாதலின், பகைவர் நச்சுவாயுவை ஏவினரோ எனவும் மக்கள் கலங்கினர். அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஆரி ஹாகன்-ஸ்மிற் என்னும் இரசாயன அறிஞர், 1950ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அப்புகையின் பிறப்பை விளக்கினார். வண்டிகள் கக்கும் ஐதரோகாபன்களும் நைதரசன் ஒட்சைட்டுகளும் சூரிய ஒளியிற் கலந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்பதே அவர் கண்ட உண்மை.

இதன்பின் வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் எழுந்தன. பிளாற்றினம், பலேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் பூசிய வினையூக்கிப் பெட்டி புகைக்குழாயில் இடம்பெற்றது. அப்பெட்டியும் அதனைச் சார்ந்த உறுப்புகளும் சரிவர இயங்குகின்றனவா என வண்டி தன்னைத் தானே சோதித்து, குறை கண்டால் ஒரு விளக்கை ஏற்றுதல் வேண்டும் என்னும் விதி தொடர்ந்தது. 1996ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் விற்பனையான கார்களுக்கும், 2001ஆம் ஆண்டு முதல் ஐரோப்பாவின் பெற்றோல் கார்களுக்கும் இது கட்டாயமாயிற்று. எனவே இவ்விளக்கு முதன்முதலாக நமது பணப்பையின் பொருட்டன்று, ஊரார் சுவாசிக்கும் காற்றின் பொருட்டே பிறந்ததாகும். நம் நாட்டிலும் 2008ஆம் ஆண்டில் ஆரம்பமான புகைப் பரிசோதனையின் சான்றிதழ், வாகன வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்கு வேண்டப்படுவதை யாவரும் அறிவர்.

விளக்கு எவ்வாறு ஏறுகின்றது? ஒரு கிலோகிராம் பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று வேண்டும். புகைக்குழாயிலுள்ள ஒட்சிசன் உணரி, எஞ்சியுள்ள ஒட்சிசனை அறிந்து சிறு மின்னழுத்தமாகச் செய்தி அனுப்புகின்றது. வண்டியின் கணினி அதற்கேற்பப் பெற்றோலைக் கூட்டியும் குறைத்தும் சமன்செய்கின்றது. தன்னாற் சமன்செய்ய இயலாத எல்லையை அடைந்ததும், குறையை ஒரு குறியீடாகத் தன் நினைவகத்திற் பதித்து விளக்கை ஏற்றுகின்றது.

நிறமும் துடிப்பும்

முதலிற் கவனிக்க வேண்டியது நிறம். எண்ணெய் அழுத்தத்தையோ இயந்திரச் சூட்டையோ குறிக்கும் சிவப்பு விளக்கு ஏறினால், பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்தி இயந்திரத்தை அணைத்துவிடல் வேண்டும். மஞ்சள் விளக்கு அசையாது ஒளிருமாயின், வண்டியின் ஓட்டத்திலும் ஒலியிலும் மாற்றமில்லாதவிடத்து, மெதுவாக வீடு சேர்ந்து ஆராயலாம்.

மஞ்சள் விளக்கு விட்டுவிட்டுத் துடிக்குமாயின் நிலை வேறு. சிலிண்டர் ஒன்றிற் பெற்றோல் எரியாமல் வெளியேறுகின்றது என்பது அதன் பொருள். எரியாத பெற்றோல் வினையூக்கிப் பெட்டியினுட் சென்று எரிந்து, அதனை உருக்கிவிடவுங் கூடும். சில ஆயிரம் ரூபாவுடன் முடிந்திருக்க வேண்டிய பழுது, இலட்சக் கணக்கிற் செல்லும் வழி இதுவே. வெலிக்கந்தைக் காட்டுப் பகுதியிலோ மகாஓயாப் பாதையிலோ இது நேர்ந்தால், வேகத்தைத் தணித்து, ஆளரவமுள்ள இடத்தை அடைந்து நிறுத்துதலே அறிவுடைமை.

கண்ணாற் காணத்தக்கவை

வீட்டிலே, இயந்திரம் ஆறிய பின்னர், மூடியைத் திறந்து பார்த்தல் வேண்டும். நமது பிரதேசத்துக்கே உரிய பகைவர் சிலர் உளர். கடற்காற்றும் வாவிக் காற்றும் சுமந்துவரும் உப்பு ஈரம், மின்னிணைப்புகளிற் பச்சைக் களிம்பைப் படியவைக்கும். கச்சான் வீசும் மாதங்களில் எழும் புழுதியும் அறுவடைக்காலத் தூசும் காற்று வடிகட்டியை அடைக்கும். மாரி வெள்ளத்தைக் கடந்த வண்டியின் இணைப்புகளில் நீர் தங்கும். நெற்களஞ்சியத்தை நாடிவரும் எலியோ, இயந்திரத்தின் வெதுவெதுப்பிற் குடியிருந்து மின்கம்பிகளைக் கடித்துவிடும். கழன்ற குழாய், வெடித்த இறப்பர், தளர்ந்த பற்றறி முனை ஆகியவற்றை இனங்காண விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. பெற்றோல் தாங்கியின் மூடி சரிவர இறுகாமையால் விளக்கேற்றும் வண்டிகளும் உள. மூடியை இறுக்கிய பின்னரும், சில நாள் ஓடியே விளக்கு அணையும்.

குறியீட்டை வாசித்தல்

அடுத்தது வண்டியின் நினைவகத்தை வினவுதல். சாரதியின் முழங்காலுக்கு மேலே, முகப்புப் பலகையின் கீழ்ப்புறத்தில், 16 துளைகள் கொண்ட செருகுமிடம் ஒன்று காணப்படும். தீப்பெட்டியளவான வாசிப்புக் கருவியை அதிற் செருகி, சாவியைத் திருப்பினால், புளூடூத் வழியாகக் கைத்தொலைபேசியிற் குறியீடு தோன்றும். பழைய ஜப்பானிய வண்டிகள் சில மலிவான கருவிகளுக்கு விடையளிப்பதில்லை. அவற்றுக்குக் கராஜிலுள்ள பெரிய கருவியே வேண்டும்.

குறியீடு ‘பீ’ என்னும் எழுத்துடன் தொடங்கினால், குறை இயந்திரத்தையோ வேகப் பெட்டியையோ சார்ந்தது. அடுத்த இலக்கம் 0 ஆயின் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறியீடு. 1 ஆயின் பெரும்பாலும் அவ்வண்டியைச் செய்தோர் தாமே வகுத்தது. மூன்றாம் இடத்தில் 1 வந்தாற் காற்றும் எரிபொருளும், 3 வந்தால் எரிபற்றல், 4 வந்தாற் புகைக் கட்டுப்பாடு எனப் பகுத்தறியலாம். குறியீட்டுடன், குறை தோன்றிய வேளையில் இருந்த வேகம், சூடு முதலியனவும் பதிவாகியிருக்கும். யாவற்றையும் ஒரு கொப்பியிற் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். குறிக்குமுன் அழித்தலும், விளக்கை அணைக்கவேண்டிப் பற்றறியைக் கழற்றுதலும், சாட்சியை ஊரைவிட்டு அனுப்பிவைப்பதை ஒக்கும்.

குறி வேறு, காரணம் வேறு

இங்கேதான் பலரும் இடறுகின்றனர். குறியீடு சொல்வது நோயின் குறியை, நோயின் காரணத்தையன்று. காய்ச்சல் என்று வந்தவருக்குப் பரிகாரியார் காய்ச்சலின் பெயரை மட்டும் கேட்டு மருந்தரைப்பதில்லை. நாடி பார்த்து, உண்டதும் உறங்கியதும் வினவுகின்றார். வண்டிக்கும் அம்முறையே பொருந்தும்.

பீ-0171 என்பது, எரிபொருளுக்கு மிஞ்சிய காற்று உள்ளது எனக் கூறுகின்றது. ஒட்சிசன் உணரி பழுதென அதனைக் கழற்றி எறிவோர் உண்டு. ஆனால் உணரி தன் கடமையைச் செய்தே செய்தி சொல்லியிருத்தல் கூடும். வெடித்த குழாய் வழியே களவாகக் காற்று நுழைதல், பெற்றோல் பம்பி தளர்தல், காற்றை அளக்கும் உணரியில் அழுக்குப் படிதல் என்பன யாவும் இதே குறியீட்டைத் தரவல்லன.

பீ-0420 வினையூக்கிப் பெட்டி வலுவிழந்ததாகக் கூறும். புதிய பெட்டி வாங்குமுன், புகைக்குழாயில் ஓட்டை உண்டா, பின்புற உணரி நலமாக உள்ளதா, இயந்திரம் எண்ணெயை எரிக்கின்றதா என்பவற்றைப் பார்த்தல் வேண்டும். இவற்றைப் பாராது பெட்டியை மாற்றினால், விளக்கு மீண்டும் எரியலாம்; செலவழித்த பணமோ மீளாது.

பீ-0301 முதலாம் சிலிண்டரில் எரிபற்றல் தவறுகின்றது எனக் கூறும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் கொயில் உள்ள வண்டியாயின், செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. இயந்திரத்தை அணைத்து ஆறவிட்டு, முதலாம் கொயிலையும் இரண்டாம் கொயிலையும் இடம் மாற்றுக. பின்னர் குறியீட்டை அழித்துச் சிறிது நேரம் இயக்கிப் பார்க்குமிடத்து, குறியீடு பீ-0302 என மாறினாற் குற்றவாளி கொயிலே. மாறாதிருந்தால் பிளக்கிலோ எரிபொருள் தெளிப்பானிலோ வேறிடத்திலோ தேடுதல் வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றி விளைவை நோக்குதல் என்னும் இம்முறையையே பாடசாலை ஆய்வுகூடத்தில் மாணவருக்குக் கற்பிக்கின்றோம். பிள்ளைகளையும் அருகில் நிறுத்திக் காட்டினால், பாடநூலில் வாசித்ததற்கு உயிர் உண்டாகும்.

இவையெல்லாம் மெக்கானிக்கைப் புறக்கணிப்பதற்காகக் கூறப்பட்டவையல்ல. உயரழுத்த எரிபொருட் குழாய்களும், ஹைபிரிட் வண்டிகளின் செம்மஞ்சள் நிற மின்கம்பிகளும் பயிற்சி பெற்றவரே தொடவேண்டியவை. ஆயினும் குறியீடு, தோன்றிய வேளை, வண்டி நடந்துகொண்ட விதம் ஆகிய மூன்றையும் எழுதிய தாளுடன் செல்பவருக்கும், விளக்கு எரிகின்றது என்று மட்டும் கூறிச் சாவியைக் கையளிப்பவருக்கும் வேறுபாடு பெரிது. நல்ல மெக்கானிக் அத்தாளைக் கண்டு மகிழ்வார். அவரது நேரமும் மிஞ்சும். எந்த உறுப்பை மாற்றச் சொன்னாலும், எச்சோதனையால் அது பழுதெனக் கண்டீர்கள் என்று பணிவுடன் வினவுங்கள். அந்த ஒரு வினா, பல குடும்பங்களின் ஒரு மாதச் சம்பளத்தைக் காக்க வல்லது.