ஒளியிழை உணரிகளும் அவற்றின் நுண்ணுணர்வும்

மனிதனுடைய ஐம்பொறிகள் ஓர் எல்லைக்கு உட்பட்டவை. பாரமேறிய பாலம் மயிரிழையிலும் குறைந்த அளவு வளைவதைக் கண் காணமாட்டாது. ஆழ்கடலில் நெடுந்தொலைவில் எழும் மெல்லொலியைச் செவி கேளாது. குருதித் துளியொன்றினுள் மறைந்திருக்கும் நோய்க்குறியை எப்பொறியும் அறியாது. இவ்வெல்லையைக் கடத்தற்கே கருவிகள் தோன்றின. அவற்றுள் சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியிற் பிறந்து இன்றும் வளர்ந்து வருவது ஒளியிழை உணரி. செய்தியைச் சுமந்து செல்லும் கண்ணாடியிழையே செய்தியை உணரும் பொறியாவது எவ்வாறு என்பதும், அவ்வுணர்வைக் கூர்மையாக்கும் வழிகள் எவை என்பதும், அவ்வழிகளுக்கு இயற்கை வகுத்துள்ள எல்லை யாது என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

இழையினுள் ஒளி

ஒளி நேர்கோட்டிற் செல்வது. ஆயினும் அதனை வளைந்த வழியே செலுத்தலாம் என்பதை 1841ஆம் ஆண்டில் ஜெனீவா நகரிற் கொல்லடன் என்பார் காட்டினார். பாய்ந்து வீழும் நீர்த்தாரையினுட் புகுந்த ஒளி, அத்தாரையோடு தானும் வளைந்து சென்றது. 1854இல் இலண்டனில் டின்டல் என்னும் அறிஞரும் இதனையே செய்து காட்டினார். இதன் காரணம் முழுவுட்டெறிப்பு. அடர்ந்த ஊடகத்திலிருந்து ஐதான ஊடகத்தை நோக்கிச் செல்லும் ஒளி, அவதிக்கோணத்தினும் கூடிய கோணத்தில் எல்லைப்பரப்பை அடையுமாயின் வெளியேறாது. முற்றாக உள்ளே தெறிக்கும்.

ஒளியிழை இத்தத்துவத்தின் வடிவமே. நடுவே சிலிக்காவாலான உள்ளகம். அதனைச் சூழ்ந்து முறிவுச்சுட்டி சிறிது குறைந்த மேலுறை. செய்தித் தொடர்பிற் பெரிதும் பயன்படும் இழையில் உள்ளகத்தின் விட்டம் ஏறக்குறைய 9 மைக்கிரோமீற்றர். மேலுறையுடன் சேர்ந்த விட்டம் 125 மைக்கிரோமீற்றர். கண்ணாடியிலுள்ள மாசுகளை நீக்கினால் ஒளி நெடுந்தூரம் செல்லுமென்று 1966இல் சார்ள்ஸ் காவோவும் ஹொக்கமும் எடுத்துரைத்தனர். 1970இல் கோர்னிங் நிறுவனத்தார் அத்தகைய இழையைச் செய்து காட்டினர். காவோவுக்கு 2009இல் பௌதிகத்துக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

குறையே குணமாதல்

செய்தி அனுப்புவோர், இழை எதனாலும் தாக்குறாதிருத்தலையே விரும்புவர். ஆனால் இழையை இழுத்தால் அது நீளும். சூடாக்கினால் அதன் முறிவுச்சுட்டி மாறும். அமுக்கினாலும் வளைத்தாலும் அதனூடு செல்லும் ஒளி மாற்றமுறும். செய்தி அனுப்புவோர்க்கு இடையூறாகிய இம்மாற்றங்களையே அளந்து, அவற்றுக்குக் காரணமான விகாரத்தையும் வெப்பநிலையையும் அமுக்கத்தையும் அறிதல் உணரியின் தொழில். ஒருவர்க்குக் குறையாயது மற்றவர்க்குக் குணமாயிற்று.

மாற்றத்தை அளத்தற்கு எளிய வழி, வெளிவரும் ஒளியின் செறிவு எவ்வளவு குறைந்தது எனக் காண்பது. இது மலிவானதாயினும் நுண்மையற்றது. ஒளிதரும் விளக்கே மங்கினாலும் உணரி மாற்றம் நிகழ்ந்ததாகப் பொய்யுரைக்கும். ஆதலின் நுண்ணளவை வேண்டுவோர் ஒளியின் செறிவை விடுத்து அதன் அவத்தையை நாடினர்.

அவத்தையின் வலிமையை ஒரு கணக்கால் விளக்கலாம். 1550 நனோமீற்றர் அலைநீளமுள்ள ஒளி, 1 மீற்றர் நீளமான இழையினுள் ஏறக்குறைய 9,35,000 அலைகளாக அடங்கும். அவ்விழை பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நீளுமாயின், அந்நீட்சி ஒரு மைக்கிரோமீற்றரே. எனினும் அதனால் அவத்தை ஏறக்குறைய முக்கால் அலையளவு மாறிவிடும். ஓர் அலையின் ஆயிரத்தில் ஒரு பங்கையும் அளக்கவல்ல முறைகள் உண்டு. எனவே இவ்வுணரி காட்டக்கூடிய நீட்சி எத்துணை நுண்ணியது என்பது தெளிவாம்.

ஆயின் ஒளியின் அவத்தையைக் கண்ணோ ஒளிகாணியோ நேரே அறியாது. ஒளியை இரு கூறாக்கி, ஒரு கூற்றை உணரும் இழையிலும் மற்றதைக் காப்புடைய இழையிலும் செலுத்தி, இறுதியில் ஒன்றுசேர்த்தல் வேண்டும். முடியோடு முடி சேர்ந்தால் ஒளி மிகும். முடியோடு தாழி சேர்ந்தால் இருள் தோன்றும். இதுவே தலையீடு.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஒளி மிக்க நிலையிலோ மிகவும் இருண்ட நிலையிலோ கருவியை நிறுத்தினால், சிறிய அவத்தை மாற்றம் செறிவிற் புலப்படாது. மலையின் உச்சியிலும் பள்ளத்தின் அடியிலும் நிலம் மட்டமாயிருப்பது போன்றது இது. இரண்டுக்கும் நடுவேயுள்ள சரிவில் நிற்பவனுக்கே ஓரடி பெயர்ந்தாலும் உயரம் மாறும். ஆதலின் இரு கூறுகளுக்குமிடையே கால் அலையளவு வேறுபாட்டை முன்னரே அமைத்து, கருவியைச் சரிவின் நடுவே நிறுத்துவர். ஒரு பொருளையும் கூட்டாது, நிற்கும் இடத்தை மாற்றுவதனாலேயே உணர்திறன் பெருகுதல் இதிற் காணத்தக்கது.

உணர்வைக் கூர்மையாக்கும் வழிகள்

முதலாவது வழி நீளத்தைக் கூட்டுதல். சுழற்சி ஒளியில் உண்டாக்கும் விளைவை 1913இல் சன்யாக் என்னும் பிரெஞ்சு அறிஞர் காட்டினார். வட்டப் பாதையில் எதிரெதிராகச் செல்லும் இரு கதிர்களுள், பாதை சுழலும் திசையிற் செல்வது சிறிது பிந்தும். ஒரு சுற்றில் இவ்வேறுபாடு மிகச் சிறிது. 1976இல் வாலி, ஷோர்த்ஹில் என்போர் இழையைப் பல சுற்றுகளாகச் சுற்றி இவ்விளைவைப் பெருக்கும் வழியைக் காட்டினர். 10 சதமமீற்றர் விட்டமுள்ள உருளையில் 1 கிலோமீற்றர் இழையைச் சுற்றினால் 3,000க்கு மேற்பட்ட சுற்றுகள் அமையும். அப்பொழுதும் பூமியின் சுழற்சியால் உண்டாகும் அவத்தை வேறுபாடு ஓர் அலையின் அறுபதாயிரத்தில் ஒரு பங்களவே. இதனை அளக்கவல்ல கருவிகளே இன்று விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் திசை காட்டுகின்றன.

இரண்டாவது வழி பூச்சை மாற்றுதல். கண்ணாடி விறைப்பானது, நீரில் வரும் ஒலியின் அமுக்கத்துக்கு எளிதில் இணங்காது. நெகிழும் பொருளை இழைமீது தடித்துப் பூசினால், அப்பொருள் ஒலிக்கு இணங்கித் தன்னோடு இழையையும் இழுக்கும். நெகிழும் உருளைமீது இழையைச் சுற்றுதலும் இத்தகையதே. கடலொலியைக் கேட்கும் ஒளியிழைக் கருவிகள் 1977 முதலாக இவ்வாறு வளர்ந்தன.

மூன்றாவது வழி இழையினுள்ளே வரிகளைப் பொறித்தல். ஒளியால் இழையின் முறிவுச்சுட்டியை நிலையாக மாற்றலாம் என்பது 1978இல் கனடாவில் ஹில் என்பாரும் அவர் குழுவினரும் கண்டது. 1989இல் மெல்ற்ஸ் குழுவினர் ஊதாக்கடந்த ஒளியைப் பக்கத்திலிருந்து பாய்ச்சி, வேண்டிய இடைவெளியில் வரிகளைப் பொறித்தனர். இவ்வரிகள் ஒரே ஓர் அலைநீளத்தை மட்டும் திருப்பியனுப்பும். 1550 நனோமீற்றர் ஒளியைத் திருப்புதற்கு வரிகளின் இடைவெளி ஏறக்குறைய 535 நனோமீற்றர். இழை நீண்டால் இடைவெளியும் நீளும். திரும்பும் ஒளியின் அலைநீளமும் மாறும். விளக்கு மங்கினாலும் அலைநீளம் பொய்க்காது. ஓரிழையிற் பல வரித்தொகுதிகளை அமைத்தால் ஒரு பாலத்தின் பல உறுப்புகளையும் ஓரிழையே கண்காணிக்கும்.

நான்காவது வழி உறையைத் திறத்தல். முழுவுட்டெறிப்பின்போது ஒளி முழுவதும் உள்ளே திரும்பினும், எல்லைக்கு அப்பால் ஏறக்குறைய ஓர் அலைநீளத் தூரத்துக்கு மங்கியொழியும் அலையொன்று பரவும். தடித்த மேலுறை இருக்குமளவும் அது வெளியுலகைத் தீண்டாது. இழையைச் சூடாக்கி இழுத்துச் சில மைக்கிரோமீற்றருக்கு மெலிவித்தாலும், மேலுறையை அமிலத்தாற் கரைத்தாலும் அவ்வலை புறத்தேயுள்ள திரவத்தைத் தொடும். இழைமீது ஒரு குறித்த நோய்ப்பொருளை மட்டும் பற்றும் பிறபொருளெதிரிகளைப் பதித்துவிட்டால், அப்பொருள் வந்து ஒட்டும்பொழுது ஒளி மாறும். மேலும், 50 நனோமீற்றர் அளவான பொற்படலத்தைப் பூசினால் அப்பொன்னிலுள்ள இலத்திரன்கள் ஒரு குறித்த அலைநீளத்தில் ஒளியோடு பரிவுற்று அதனை உறிஞ்சும். புறத்தே முறிவுச்சுட்டி சிறிது மாறினும் அவ்வலைநீளம் பெயரும். 1993இல் யோர்ஜென்சனும் யீயும் இம்முறையை இழையில் அமைத்துக் காட்டினர்.

இயற்கை வகுத்த எல்லை

இவ்வாறு பெருக்கிக்கொண்டே போனால் எதனையும் அளக்கலாமோ எனின், அன்று. கருவி நாடும் மாற்றத்தைப் பெருக்கும் வழிகள் நாடாத மாற்றத்தையும் பெருக்கும். மேற்கூறிய வரியிழையை 1 பாகை செல்சியசு சூடாக்கினால் உண்டாகும் மாற்றம், பத்து இலட்சத்தில் எட்டுப் பங்கு நீட்சியால் உண்டாவதற்கு ஒப்பாம். காலை வெயில் பட்டதனாற் பாலம் தளர்ந்தது எனக் கருவி முறையிடக்கூடும். இதனைத் தவிர்த்தற்கு, இழுவைக்கு உட்படாத இரண்டாவது வரித்தொகுதியொன்றை அருகே வைத்து, வெப்பத்தின் பங்கைத் தனியே அளந்து கழிப்பர்.

ஒளியே மற்றோர் எல்லையை இடுகின்றது. ஒளி துணிக்கைகளாக வருவதால் அவற்றின் தொகை கணந்தோறும் ஏறியிறங்கும். இவ்வேற்றிறக்கம் தொகையின் வர்க்கமூலத்துக்குச் சமம். எனவே ஒளியை நூறு மடங்காக்கினும் நுண்மை பத்து மடங்கே கூடும். இழையின் நீளமெங்கும் உணரும் முறையிலும் இத்தகைய விலை கொடுக்கவேண்டியுள்ளது. ஒளித்துடிப்பை அனுப்பி, அது சிதறித் திரும்பும் நேரத்தாலே இடத்தை அறிவர். செக்கனின் பத்துக் கோடியில் ஒரு பங்கு நேரம் நீடிக்கும் துடிப்பு 1 மீற்றர் அளவில் இடத்தைப் பிரித்துக் காட்டும். இடத்தை இன்னும் நுண்மையாகக் காண விரும்பித் துடிப்பைக் குறுக்கினால், அதிலுள்ள ஒளி குறையும். அளவையின் நுண்மையும் தாழும்.

ஆகவே உணர்திறனைக் கூட்டுதல் வேறு, உண்மையை அறியும் திறனைக் கூட்டுதல் வேறு. சிறு அசைவுக்கும் துள்ளும் முள் சிறந்த கருவியாகாது. எதனால் துள்ளிற்று என்று பிரித்துரைப்பதே சிறந்த கருவி. இப்பகுப்பறிவு கைவந்தமையாலன்றோ கடலடியிற் செய்தி கடத்தக் கிடத்திய இழைகளாலேயே நிலநடுக்கத்தை உணரலாம் என்பதை மார்ரா குழுவினர் 2018இல் வெளியிட முடிந்தது. பிறர் பிழையென்று கழித்த சிறு நடுக்கத்துள்ளும் பொருளுண்டோ என்று பொறுமையுடன் வினாவியோரே இத்துறையை வளர்த்தவர். ஆய்வுகூடத்தில் அளவைகளை எடுக்கும் மாணவர், ஒவ்வாத வாசிப்பை அழித்துவிடுமுன் அது எதனால் வந்தது என்று ஒருகணம் சிந்திப்பாராயின், அறிவியலின் முதற்பாடத்தைக் கற்றவராவர்.