ஆண்டவன் கோபத்தை அறிந்தவர்

1755-ம் வருஷம் நவம்பர் மாதம் முதல் தேதி, சனிக்கிழமை. போர்த்துகல் தேசத்தின் தலைநகராகிய லிஸ்பனில் அன்று சகல புனிதர்களின் திருநாள். காலை ஒன்பது மணிக்குமேல் வீட்டில் தங்கியிருந்தவர்கள் வெகு சிலரே. மாதாகோயில்களில் ஜனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு முழந்தாளிட்டிருந்தார்கள். பீடங்களில் மெழுகுவர்த்திகள் வரிசை வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. ஒன்பதே முக்கால் மணி சுமாருக்குப் பூமி அசையத் தொடங்கிற்று. சில நிமிஷங்களுக்குள் கோயில்களின் கூரைகள் தொழுதுகொண்டிருந்தவர்களின் தலைமேல் சரிந்தன. தப்பியவர்கள் திறந்த வெளியைத் தேடி டேகஸ் நதித் துறைக்கு ஓடினார்கள். ஒரு மணி நேரத்துக்குள் நதியின் தண்ணீர் உள்வாங்கி, பிறகு மலைபோல் எழுந்து வந்து அவர்களை வாரிக்கொண்டு போயிற்று. சாய்ந்த மெழுகுவர்த்திகளும் அடுப்புகளும் மூட்டிய தீ ஏறக்குறைய ஒரு வாரம் எரிந்தது. அரசரின் நூல்நிலையமும், அந்த வருஷந்தான் திறக்கப்பட்ட நாடகசாலையும், மதவிசாரணைச் சபையின் மாளிகையும் ஒன்றுபோல அழிந்தன. மாண்டவர்கள் பல ஆயிரம். முப்பதினாயிரம் என்று சொல்வோரும் உண்டு, அதற்கு மேலும் கீழும் சொல்வோரும் உண்டு.

இதை நான் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு பையன் எழுந்து, "ஸார், கோயிலுக்குப் போனவர்கள் செத்தார்கள், போகாமல் வீட்டில் தூங்கினவன் பிழைத்திருப்பானே, அது எப்படி?" என்று கேட்டான். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நவம்பர் மாதத்தில் ஐரோப்பா முழுவதும் கேட்டுக்கொண்ட கேள்வி அதுதான்.

கிறிஸ்தவ மதத்தில் இந்தக் கேள்வி மிகவும் கூர்மையானது. கடவுள் ஒருவரே, அவர் சர்வ வல்லமையுள்ளவர், கருணையே உருவானவர் என்று மூன்றையும் ஒருங்கே நம்புகிற மதம் அது. ஒரு சிட்டுக்குருவியும் அவர் அறியாமல் தரையில் விழாது என்பது சுவிசேஷத்தின் போதனை. ஆகவே இடிந்து விழுந்த கோயிலும் அவருடைய சித்தத்துக்குப் புறம்பானதல்ல. ஜினீவா நகரத்துக் கால்வின் இந்தக் கொள்கையை அதன் கடைக்கோடி வரையில் கொண்டுபோனவர். கடவுளின் கட்டளையின்றி ஒரு மழைத்துளியும் விழுவதில்லை என்றார். ஆனால் அந்தக் கட்டளைக்குரிய காரணம் பெரும்பாலும் மனிதருக்கு மறைவானது என்றும் அவரே எழுதினார். முதற் பகுதியை நினைவில் வைத்து இரண்டாவதை மறந்துபோனவர்களால் நேர்ந்த சங்கடங்கள் கொஞ்சமல்ல.

வேதாகமத்திலேயே இரண்டு குரல்கள் கேட்கின்றன. கட்டளையை மீறும் ஜனங்களுக்குப் பஞ்சமும் கொள்ளைநோயும் வரும் என்று மோசேயின் ஆகமம் எச்சரிக்கிறது. யோபுவின் சரித்திரமோ குற்றமற்றவன் ஒருவன் சகலத்தையும் இழந்து குப்பைமேட்டில் உட்கார்ந்திருப்பதைக் காட்டுகிறது. "நீ பாவம் செய்திருப்பாய், அதனால்தான்" என்று அவனுக்கு விளக்கம் சொன்ன சிநேகிதர்களையே கடைசியில் கடவுள் கடிந்துகொள்கிறார். சீலோவாம் என்ற இடத்தில் ஒரு கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் மாண்டார்கள். அவர்கள் எருசலேமில் மற்றெல்லோரையும் விடப் பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று இயேசுவே விடை சொன்னதாக லூக்கா எழுதுகிறார். உடனே, கேட்டு நின்றவர்களை நோக்கி நீங்கள் மனந்திரும்புங்கள் என்றும் சொல்லுகிறார். செத்தவனைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாதே, உன்னைப் பார்த்துக்கொள் என்பதுதான் இதன் தாத்பரியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆதிக் கிறிஸ்தவர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். ஏனெனில் அப்போது பழி அவர்கள்மேல் இருந்தது. ரோமாபுரியில் வெள்ளம் வந்தாலும் பஞ்சம் வந்தாலும், பழைய தேவதைகளைக் கிறிஸ்தவர்கள் நிந்தித்ததால்தான் வந்தது என்று ஜனங்கள் அவர்களைச் சிங்கத்துக்குப் போடச் சொன்னார்கள். தெர்த்துல்லியன் என்ற ஆசிரியர் இதை மிகுந்த கசப்புடன் எழுதியிருக்கிறார். 410-ல் ரோமாபுரி சூறையாடப்பட்டபோதும் அதே பழி வந்தது. அதற்கு மறுமொழியாகவே அகுஸ்தீன் தமது 'கடவுளின் நகரம்' என்ற பெருநூலை எழுதத் தொடங்கினார்; துன்பம் நல்லவனுக்கும் கெட்டவனுக்கும் ஒன்றாகவே வருகிறது என்றார்.

பின்னர் ராஜ்யம் கிறிஸ்தவர்கள் கைக்கு வந்தது, பழியும் கைமாறிற்று. ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் சக்கரவர்த்தி தேவதூஷணத்துக்கு விரோதமாக ஒரு சட்டம் செய்தார். இப்படிப்பட்ட குற்றங்களாலேயே பஞ்சமும் பூகம்பமும் கொள்ளைநோயும் உண்டாகின்றன என்று அந்தச் சட்டமே காரணம் கூறுகிறது. தேவதூஷணம் ஏன் சர்க்கார் தண்டிக்க வேண்டிய குற்றமாயிற்று என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை. ஒருவன் வாயால் சொன்ன சொல்லுக்கு ஊர் முழுவதும் அழியும் என்று நம்பினால், அவன் வாயை அடைப்பது வெள்ளத்துக்கு அணை போடுவதைப் போன்ற காரியமாகிவிடுகிறது.

ஸ்காட்லாந்தில் 1690-களின் பிற்பகுதியில் விளைச்சல் பொய்த்துப் பஞ்சம் பரவிய காலத்தில்தான் தாமஸ் எய்க்கன்ஹெட் என்ற எடின்பரோ சர்வகலாசாலை மாணவன்மீது வழக்குத் தொடர்ந்தார்கள். வயது இருபது சுமார். வேதாகமத்தைக் கட்டுக்கதை என்று சிநேகிதர்களிடம் பேசினான் என்பதோடு, ஒரு குளிர் ராத்திரியில், நரகத்துக்குப் போனாலாவது குளிர் காயலாமே என்றான் என்பதும் குற்றச்சாட்டில் சேர்ந்தது. என் மாணாக்கர்களில் இதைவிட மோசமாகப் பேசாத பையன் எவனையும் நான் கண்டதில்லை. அவன் மன்னிப்புக் கேட்டான், பயனில்லை. 1697 ஜனவரி 8-ந் தேதி அவனைத் தூக்கிலிட்டார்கள்.

லிஸ்பனுக்குத் திரும்புவோம். பிராடஸ்டண்டுகள், மதவிசாரணைச் சபை சிந்திய ரத்தத்துக்குக் கடவுள் கணக்குக் கேட்கிறார் என்றார்கள். மெதடிஸ்ட் இயக்கத்தின் தலைவர் ஜான் வெஸ்லி அந்த வருஷமே வெளியிட்ட துண்டுப் பிரசுரத்தில் அந்தக் குறிப்பு இருக்கிறது. கத்தோலிக்கர் பலர், லிஸ்பன் மக்களின் பாவந்தான் காரணம் என்றார்கள். அவர்களில் உரத்த குரல் கேப்ரியல் மலாக்ரிடா என்ற இயேசு சபைப் பாதிரியாருடையது. இத்தாலியில் பிறந்து, பிரேசில் காடுகளில் பல ஆண்டுகள் வெறுங்காலால் நடந்து மதப் பிரசாரம் செய்தவர். அவர் போலி வேஷக்காரர் அல்ல. அதுதான் இந்தக் கதையின் வேதனை. 1756-ல் அவர் வெளியிட்ட சிறு நூலில், நாடகமும் நாட்டியமும் காளைச் சண்டையுமே ஊரை அழித்தன என்றும், இயற்கைக் காரணம் சொல்லுவது ஜனங்களை மனந்திரும்பவொட்டாமல் தடுக்கும் பாதகம் என்றும் எழுதினார். வெட்டவெளியில் குடிசை கட்டுவதில் காட்டும் சுறுசுறுப்பைத் தவத்தில் காட்டவில்லையே என்று அகதிகளைக் கடிந்துகொண்டார். வெஸ்லியும் மலாக்ரிடாவும் நேரில் சந்தித்திருந்தால் ஒருவரையொருவர் மதத்துரோகி என்றிருப்பார்கள். ஆனால் இயற்கைக் காரணம் என்று சொல்லி ஒதுங்கிவிடக்கூடாது என்பதில் இருவருக்கும் பேதமில்லை.

குடிசை கட்டச் சொன்னவர் மந்திரி கார்வால்யூ. பிற்காலத்தில் பொம்பால் பிரபு என்று பெயர் பெற்றவர். அவர் பிணங்களைப் படகுகளில் ஏற்றிக் கடலில் விடச் செய்தார்; தானியத்துக்கு விலை கட்டினார்; கொள்ளையடித்தவர்களைத் தூக்கிலிட்டார். ஜனங்கள் வேலையை விட்டுவிட்டு அடுத்த அழிவை எதிர்பார்த்து அழுதுகொண்டிருந்தால் நகரம் எழும்பாது என்பது அவர் வாதம். மலாக்ரிடாவை ஸெதூபல் என்ற ஊருக்கு அனுப்பிவிட்டார். அந்த மட்டில் நியாயம் என்றே சொல்லலாம். பிறகு நடந்தது நியாயமல்ல. 1758-ல் அரசரைக் கொல்ல ஒரு முயற்சி நடந்தது. அதைச் சாக்கிட்டு மந்திரி தம் விரோதிகளை ஒழித்தார். கிழவரான பாதிரியார் 1759-ல் சிறையில் அடைபட்டார். இருட்டறையில் சித்தம் கலங்கி, தமக்குத் தேவ வாக்குகள் கேட்பதாக எழுதத் தொடங்கினார். அந்த ஏடுகளைக் கொண்டே, மந்திரியின் சொந்தச் சகோதரர் தலைமை வகித்த மதவிசாரணைச் சபை அவரை வேதப்புரட்டர் என்று தீர்த்தது. 1761 செப்டம்பர் 21-ந் தேதி ரோஸியோ மைதானத்தில் எழுபத்திரண்டு வயதான அவரைக் கழுத்தை நெரித்துக் கொன்று, உடலை எரித்தார்கள். கடவுளின் பெயரால் ஊரைக் குற்றஞ்சாட்டியவரைக் கடவுளின் பெயராலேயே சர்க்கார் கொன்றது.

நம் நாட்டிலும் இந்த விவாதம் ஒருமுறை நடந்தது. 1934 ஜனவரி 15-ல் பீஹாரைப் பூகம்பம் பாழாக்கியது. அப்போது தமிழ்நாட்டில் ஹரிஜன யாத்திரையில் இருந்த மகாத்மா, திருநெல்வேலிக் கூட்டத்தில், தீண்டாமைப் பாவத்துக்கு ஆண்டவன் அளித்த தண்டனை இது என்றார். ரவீந்திரநாதர் அதைக் கடுமையாக ஆட்சேபித்து எழுதினார். காந்திஜி அந்த ஆட்சேபத்தை 'ஹரிஜன்' பத்திரிகையிலேயே வெளியிட்டுப் பதிலும் எழுதினார். ஒருவரும் சிறைக்குப் போகவில்லை. தீண்டாமையை நான் மகாத்மாவைப் போலவே வெறுக்கிறேன். ஆயினும் பீஹாரில் இடிபாடுகளுக்கடியில் மாண்ட ஹரிஜனக் குழந்தையை நினைக்கும்போது கவியின் கட்சியில்தான் நிற்க முடிகிறது.

இங்கிலாந்தில் தேவதூஷணக் குற்றம் 2008-ல் சட்டத்திலிருந்து நீங்கிற்று. ஸ்காட்லாந்தில் 2021-ல் அதை நீக்கச் சட்டம் செய்தார்கள்.

பொம்பால் இன்னொரு காரியமும் செய்தார். தேசத்திலுள்ள ஒவ்வொரு பங்குக் குருவுக்கும் ஒரு கேள்வித்தாள் அனுப்பினார். அதிர்ச்சி எத்தனை நேரம் இருந்தது? எந்தத் திசையில் பலமாகத் தெரிந்தது? கடல் முதலில் ஏறிற்றா, இறங்கிற்றா? பூமி பிளந்ததா? எத்தனை வீடுகள் விழுந்தன, எத்தனை பேர் மாண்டார்கள்? யாருடைய பாவத்தால் என்ற கேள்வி அதில் இல்லை. குருமார்கள் உட்கார்ந்து தங்களுக்குத் தெரிந்தவரையில் எழுதி அனுப்பினார்கள். அந்த விடைகள் லிஸ்பனிலுள்ள தேசீயப் பழஞ்சுவடிச் சாலையில் இருக்கின்றன. பூகம்ப சாஸ்திரிகள் அவற்றை இன்றும் எடுத்துப் படிக்கிறார்கள்.