குளிர்கால டயர்

குளிர்கால டயர் என்பது தாழ்ந்த வெப்பநிலையிலும் பனி படிந்த சாலைகளிலும் ஊர்திக்குப் போதிய பிடிப்பைத் தருமாறு வடிவமைக்கப்பட்ட டயர் ஆகும். கனடா, வட ஐரோப்பிய நாடுகள் முதலியவற்றில் இது பரவலாகப் பயன்படுகிறது. பின்லாந்தில் 1934 ஆம் ஆண்டு சரக்குந்துகளுக்காக உருவாக்கப்பட்ட டயரே இவ்வகையில் முதலாவதாகக் கருதப்படுகிறது.

இயங்கும் முறை

வெப்பநிலை ஏறத்தாழ 7 °செ-க்குக் கீழ் இறங்கும்போது கோடைகால டயரின் இரப்பர் இறுகத் தொடங்குகிறது. இதனால் பனியில்லாத சாலையிலும் பிடிப்புக் குறைகிறது. குளிர்கால டயரின் இரப்பர்க் கலவை குளிரிலும் மென்மையாகவே இருக்கும். இதன் ஆழமான பள்ளங்களில் பனி இறுகி நிறைகிறது. பனி பனியோடு ஒட்டும் இயல்புடையது. ஆதலால் பிடிப்பு அதிகரிக்கிறது. மேற்பரப்பிலுள்ள நுண்ணிய வெட்டுகள் பனிக்கட்டியைப் பற்றும் விளிம்புகளாக அமைகின்றன.

தெரிவு செய்தல்

டயரின் பக்கச் சுவரில் மூன்று முகடுகள் கொண்ட மலையும் அதனுள் பனித்துகளும் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். இக்குறி, பனியில் நடத்தப்பட்ட சோதனையில் டயர் தேறியதைக் காட்டுகிறது. "எம்+எஸ்" என்ற குறி பள்ளங்களின் வடிவத்தை மட்டுமே குறிக்கும். பள்ளத்தின் ஆழம் 4 மி.மீ. அளவுக்குத் தேய்ந்த டயர் பனிச்சாலைக்கு ஏற்றதன்று.

பொருத்துதல்

நான்கு சக்கரங்களிலும் ஒரே வகை டயர்களைப் பொருத்துதல் வேண்டும். முன்சக்கரங்களில் மட்டும் பொருத்தினால், வளைவிலோ தடுப்பை அழுத்தும்போதோ ஊர்தியின் பின்பகுதி வழுக்கிச் சுழலக்கூடும். நான்கு சக்கர இயக்கம் உள்ள ஊர்திக்கு இவை தேவையில்லை என்பது தவறான கருத்து. அவ்வியக்கம் ஊர்தியைப் பனியில் நகர்த்த உதவுமேயன்றி, நிறுத்த உதவாது. நிறுத்துவது டயரின் பிடிப்பே ஆகும்.

சுழற்சித் திசை காட்டும் அம்புக்குறி இருப்பின் அதன்படி பொருத்த வேண்டும். ஏறத்தாழ 100 கி.மீ. ஓடிய பின் சக்கர மரைகளின் இறுக்கத்தை மீண்டும் சோதித்தல் நன்று. வெப்பநிலை குறையக் குறைய டயரின் காற்றழுத்தமும் குறைவதால், அதையும் அடிக்கடி அளக்க வேண்டும். கோடையில் மென்மையான இரப்பர் விரைவில் தேய்வதுடன் நிறுத்தும் தூரத்தையும் கூட்டுவதால், இளவேனிலில் இவற்றைக் கழற்றிவிடுவது வழக்கம்.

சட்டங்கள்

கனடாவின் கியூபெக் மாகாணம் 2008 இல் குளிர்கால டயரைக் கட்டாயமாக்கியது. 2019 முதல் அங்கு டிசம்பர் 1 தொடங்கி மார்ச் 15 வரை இவ்விதி பொருந்தும். தமிழர் பெருமளவில் வாழும் ஒன்ராறியோவில் இது கட்டாயமன்று. எனினும் 2016 முதல் காப்புறுதி நிறுவனங்கள் இவற்றைப் பொருத்துவோருக்குக் கட்டணச் சலுகை அளிக்க வேண்டும். செருமனியில் அக்டோபர் 2024 முதல் மலைக்குறி கொண்ட டயர்கள் மட்டுமே குளிர்கால டயர்களாக ஏற்கப்படுகின்றன.