'எல்லாம் நல்லா பாத்துக்கிட்டாங்க': ஐசியுவில் பிள்ளை, கையில் பாரம்

பிள்ளையை ஐசியுவிலிருந்து சாதாரண வார்டுக்கு மாற்றும் நாள். ஐந்து நாளாகச் சரியான தூக்கமில்லாத தாயிடம் ஒரு பாரம் நீட்டப்படுகிறது. மருத்துவமனையின் சேவை எப்படி இருந்தது என்று அதில் கேட்டிருக்கிறார்கள். பிள்ளை கண் விழித்துவிட்டது, பசிக்கிறது என்கிறது. அந்த நேரத்தில் அந்தத் தாய் வேறென்ன எழுதுவார்? எல்லாக் கேள்விக்கும் 'மிக நன்று' என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்.

இரண்டாம் நாள் இரவு கருவி அலறியபோது அவரை வெளியே அனுப்பினார்கள். இரண்டு மணி நேரம் யாரும் வந்து எதுவும் சொல்லவில்லை. தொண்டைக் குழாயை நாளைக்கு எடுத்துவிடலாம் என்றார் ஒரு மருத்துவர். இன்னும் மூன்று நாளாகும் என்றார் மற்றொருவர். இவை எதுவும் அந்தப் பாரத்தில் ஏறவில்லை.

பிள்ளையைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் விட்டுவிட்டு வெளியே காத்திருந்த பெற்றோர் பலரும் இந்தக் காட்சியை அடையாளம் கண்டுகொள்வார்கள். அந்தப் பெற்றோரின் மனத்தில் உண்மையில் இருப்பதை ஒரு தாளில் எப்படிக் கொண்டுவருவது என்பது, உலகின் பல மருத்துவமனைகளில் தனி ஆய்வுத் துறையாகவே வளர்ந்திருக்கிறது.

பெற்றோரை ஏன் கேட்க வேண்டும்?

பெரியவர்கள் சிகிச்சை முடிந்து வீடு திரும்பினால் தங்கள் அனுபவத்தைத் தாங்களே சொல்லலாம். குழந்தைகள் பிரிவில் அது நடக்காது. கைக்குழந்தைக்குப் பேச்சு வராது. சற்றுப் பெரிய பிள்ளைகளும் சுவாசக் கருவியோடும் மயக்க மருந்தோடும் படுத்திருக்கும்போது எதையும் சொல்ல முடியாது. அவர்களுக்காகப் பேசக்கூடியவர்கள் பெற்றோர்தான்.

மருத்துவக் குறிப்பேட்டில் பதிவாகாத பலவற்றைப் பெற்றோர் பார்க்கிறார்கள். பிள்ளைக்கு வலித்தபோது எவ்வளவு நேரத்தில் கவனித்தார்கள், கட்டிலுக்கு வந்தவர்கள் கை கழுவினார்களா, காலைப் பணியில் இருந்தவர் சொன்னது இரவுப் பணிக்கு வந்தவருக்குத் தெரிந்திருந்ததா என்பதெல்லாம் அவர்கள் கண்ணில் படுகிறது.

பிள்ளை குணமானவுடன் எல்லாம் முடிந்துவிடுவதும் இல்லை. ஐசியு நாள்களின் அச்சமும் தூக்கமின்மையும் சில பெற்றோரை மாதக்கணக்கில் தொடர்வதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்த நாள்களில் அவர்களிடம் எப்படிப் பேசினார்கள் என்பதும் சிகிச்சையோடு சேர்ந்ததுதான்.

நன்றி வேறு, திருப்தி வேறு

'உங்களுக்குத் திருப்தியா?' என்று நேரடியாகக் கேட்டால் பெரும்பாலோர் 'ஆமாம்' என்றே சொல்வார்கள். எந்த நாட்டிலும் இத்தகைய கணக்கெடுப்புகளில் மதிப்பெண் உயரமாகவே வருவது வழக்கம். அதற்குக் காரணங்கள் உண்டு.

முதலாவது, பிள்ளை உயிரோடு திரும்பிய நிம்மதி. அந்த நிம்மதிக்கு முன்னால் மற்றக் குறைகள் சிறியதாகிவிடுகின்றன. இரண்டாவது, அச்சம். பிள்ளை இன்னும் அதே கட்டடத்தில்தான் இருக்கிறது. குறை சொன்னால் கவனிப்பு குறையுமோ என்ற எண்ணம் வருகிறது. மூன்றாவது, மரியாதை. மருத்துவரைக் குறை சொல்லக்கூடாது என்று வளர்ந்த தலைமுறை இன்னும் தோட்டப்புறங்களிலும் பட்டணங்களிலும் இருக்கிறது. நான்காவது, எதிர்பார்ப்பு. தனக்கு என்னென்ன விளக்கம் கேட்க உரிமை இருக்கிறது என்பது தெரியாதவருக்கு, அது கிடைக்காமல் போனது குறையாகவே தோன்றாது.

ஆகவே 'எல்லாம் நல்லா பாத்துக்கிட்டாங்க' என்ற வாக்கியம் பொய்யன்று. ஆனால் அது நன்றியைச் சொல்கிறது. அடுத்து வரும் பிள்ளைக்கு எதை மாற்ற வேண்டும் என்ற செய்தி அதில் இல்லை.

ரோட்டர்டாமில் உருவான கேள்வித்தாள்

இந்தச் சிக்கலுக்கு விடை தேடியவர்களில் முக்கியமானவர் நெதர்லாந்தைச் சேர்ந்த தாதிமை ஆய்வாளர் யோஸ் லாத்தூர். ரோட்டர்டாம் நகரின் எராஸ்மஸ் மருத்துவ மையத்தைச் சேர்ந்த சோபியா குழந்தைகள் மருத்துவமனையில் அவரும் சக ஆய்வாளர்களும் 'எம்பதிக்' என்ற கேள்வித்தாளை உருவாக்கினார்கள். பிறர் நிலையில் நின்று உணர்வதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை நினைவூட்டும்படி வைத்த பெயர் அது.

எதைக் கேட்பது என்பதை அவர்கள் தாங்களாகவே முடிவு செய்துவிடவில்லை. மருத்துவர்களிடமும் தாதியரிடமும் கேட்டார்கள், பெற்றோரிடமும் கேட்டார்கள். இரு தரப்பும் முக்கியம் என்று சொன்னவை எல்லா இடத்திலும் ஒத்துப்போகவில்லை. அந்த வேறுபாட்டையும் கணக்கில் எடுத்துக்கொண்டே கேள்விகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. பிறகு நெதர்லாந்தின் எட்டுக் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் அது சோதிக்கப்பட்டு, 2011இல் 65 கேள்விகளோடு வெளிவந்தது. களைத்துப்போன பெற்றோருக்கு அது நீளமாக இருக்கும் என்பதால் 2013இல் 30 கேள்விகள் கொண்ட சுருக்க வடிவமும் வந்தது. இன்று இத்தாலியம், ஸ்பானியம் உட்படப் பல மொழிகளில் அது பயன்படுகிறது.

கேள்விகள் ஐந்து பிரிவாக உள்ளன: தகவல், கவனிப்பும் சிகிச்சையும், பெற்றோரின் பங்கேற்பு, பிரிவின் ஒழுங்கமைப்பு, பணியாளர்களின் அணுகுமுறை.

'திருப்தியா?' என்ற பொதுக் கேள்வியோடு அது நின்றுவிடுவதில்லை. பிள்ளையின் நிலை பற்றி மருத்துவர் தினமும் பேசினாரா, சிகிச்சையின் விளைவுகள் தெளிவாக விளக்கப்பட்டனவா, பிள்ளையின் அருகில் இருக்க முடிந்ததா, சத்தம் கட்டுப்படுத்தப்பட்டதா, தொலைபேசியில் பிரிவை எளிதில் தொடர்புகொள்ள முடிந்ததா என்று நடந்தவற்றைக் கேட்கிறது. நன்றியுணர்வு மிகுந்த தாயும் இதற்கு உள்ளதைச் சொல்லலாம். 'நல்லவர்கள்தான், ஆனால் தினமும் பேசவில்லை' என்பது யாரையும் புண்படுத்தாத பதில். மருத்துவமனைக்கு அது பயனுள்ள பதிலும்கூட.

விடைகள் 1 முதல் 6 வரை. 'நிச்சயமாக இல்லை' என்றால் 1, 'நிச்சயமாக ஆம்' என்றால் 6. இரட்டைப்படை எண் என்பதால் நடுவில் ஒதுங்கி நிற்க இடமில்லை. பதில் சொல்பவர் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்தாக வேண்டும்.

சராசரிக்குள் மறைபவர்கள்

எண்கள் வந்த பிறகும் கவனம் தேவை. ஓர் எளிய கணக்கைப் பார்க்கலாம். ஒரு கேள்விக்கு 20 பெற்றோர் பதில் தருகிறார்கள். 18 பேர் 6 மதிப்பெண்ணும் 2 பேர் 1 மதிப்பெண்ணும் போடுகிறார்கள். சராசரி 5.5 வருகிறது. அறிக்கையில் அது மிகச் சிறப்பாகத் தெரியும். ஆனால் இரண்டு குடும்பங்களுக்கு ஏதோ மிக மோசமாக நடந்திருக்கிறது. அந்த இருவரும் எந்த மொழி பேசுபவர்கள், எந்த நேரத்தில் வந்தவர்கள் என்று தேடினால்தான் காரணம் தெரியும்.

பதிலே தராதவர்களின் நிலை இன்னும் கடினமானது. படிக்கத் தெரியாத பாட்டி, வேலை நேரத்தை விட்டு வர முடியாத தந்தை, பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பம் ஆகியோரின் குரல் பல கணக்கெடுப்புகளில் இடம்பெறுவதே இல்லை. துக்கத்தில் இருப்பவரிடம் கேட்பதா என்ற தயக்கம் நியாயமானது. ஆனால் பிள்ளையின் கடைசி மணி நேரங்களில் பெற்றோரை எப்படி நடத்தினார்கள் என்பதை அவர்களைத் தவிர வேறு யாரும் சொல்ல முடியாது.

இன்னொன்றும் உண்டு. பெற்றோரின் திருப்தி மட்டுமே சிகிச்சையின் தரத்தைக் காட்டிவிடாது. இனிமையாகப் பேசும் வார்டில் கிருமித்தொற்று அதிகமாக இருக்கலாம். சரியான மருந்தைச் சரியான நேரத்தில் கொடுத்த மருத்துவர் சிடுசிடுப்பானவராக இருக்கலாம். அதனால் இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டியிருக்கிறது.

எந்த மொழியில் கேட்பது?

நம் ஊரில் இந்தக் கேள்வி கூடுதல் எடை பெறுகிறது. மலாயிலோ ஆங்கிலத்திலோ உள்ள பாரத்தைப் படித்து நிரப்பத் தடுமாறும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். உறவினரோ தாதியோ வாசித்துக் காட்டினால், பதில் அவர்கள் முகத்தைப் பார்த்தே வருகிறது.

தமிழாக்கம் செய்துவிட்டால் மட்டும் போதாது. 'செயற்கைச் சுவாசக் கருவி' என்று அச்சிட்டிருக்கும். வீட்டில் அதை 'மூச்சு மெஷின்' என்பார்கள். 'மயக்க மருந்து' என்றால் அறுவை சிகிச்சை என்றே பலர் நினைப்பார்கள். 'இக்கூற்றுடன் மிகவும் ஒப்புக்கொள்கிறேன்' என்ற கட்டத்தின் முன் பேனா நின்றுவிடும். அதனால்தான் முறையான மொழிபெயர்ப்பில், ஒருவர் மொழிபெயர்த்ததை மற்றொருவர் மூலமொழிக்குத் திருப்பி மொழிபெயர்த்து ஒப்பிடுகிறார்கள். பிறகு சில பெற்றோரிடம் கொடுத்து, என்ன புரிந்துகொண்டார்கள் என்று கேட்டுத் திருத்துகிறார்கள்.

பதில்களால் என்ன மாறும்?

அளப்பதன் நோக்கம் மாற்றம்தான். தகவல் பிரிவில் மதிப்பெண் குறைந்தால், மருத்துவர் தினமும் குறிப்பிட்ட நேரத்தில் பெற்றோரோடு பேச ஏற்பாடு செய்யலாம். பங்கேற்பில் குறைந்தால், கட்டிலருகே ஒரு நாற்காலி போடலாம். வருகை நேரத்தைத் தளர்த்தலாம். அமெரிக்காவைத் தளமாகக் கொண்ட தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டியும் இதே திசையில் செல்கிறது. குடும்பத்தினர் நோயாளியின் அருகில் இருக்கும் நேரம் நெகிழ்வாக இருக்க வேண்டும், மருத்துவர்கள் கட்டில் கட்டிலாக வந்து பேசும்போது அவர்களும் பங்கேற்க வாய்ப்புத் தர வேண்டும் என்று அது பரிந்துரைக்கிறது.

பாரம் கைக்கு வந்தால்

உடனே நிரப்ப வேண்டிய அவசியமில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் நிரப்பலாமா என்று கேட்கலாம். பெயர் எழுதுவது கட்டாயமா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மொழி புரியாவிட்டால், பிள்ளையைக் கவனித்த தாதியைத் தவிர்த்து வேறொருவரை வாசித்துக் காட்டச் சொல்லலாம். தாயும் தந்தையும் பார்த்தது வேறுவேறாக இருக்கலாம் என்பதால் இருவரும் பேசிவிட்டு நிரப்புவது நல்லது.

இந்தப் பாரம் புகார் மனு அன்று. தவறு நடந்ததாகக் கருதினால் அதற்குத் தனி வழி உண்டு. மலேசியாவில் அரசாங்க மருத்துவமனைகள் மீதான புகார்களைச் சுகாதார அமைச்சு 'சிஸ்பா' இணையத்தளம் வழியாகப் பெறுகிறது.

நன்றி சொல்ல விரும்பினால் தாதியரிடமும் மருத்துவரிடமும் நேரில் சொல்லலாம்; அவர்களும் மகிழ்வார்கள். பாரத்தின் கடைசியில் கருத்து எழுத இடம் இருந்தால், அந்த இரண்டாம் நாள் இரவைப் பற்றி இரண்டு வரி எழுதலாம். தமிழில் எழுதினாலும் சரி. அடுத்த முறை கருவி அலறும்போது, வெளியே நிற்கும் இன்னொரு தாயிடம் யாராவது வந்து என்ன நடக்கிறது என்று சொல்ல அது உதவக்கூடும்.