டென்மார்க் ரோட்டுக்கு எந்த ஸ்போர்ட்ஸ் கார்?

போன எபிசோட்டுக்குப் பிறகு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். "அண்ணா, வேலைக்குப் போய்வரவும் வேணும், ஓடினால் ஓடின மாதிரியும் இருக்க வேணும். டெஸ்லா மொடல் 3 பெர்ஃபோமன்ஸ் எடுக்கிறதா, பிஎம்டபிள்யூ எம்2 எடுக்கிறதா, இல்லாட்டி காசு சேர்த்து ஒரு பழைய 911 பார்க்கிறதா?" ஒலியில் பத்து நிமிசத்தில் தாண்டிப் போன விசயத்தை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

யூடியூப்பில் இதற்குப் பதில் சொல்கிற ஆட்கள் பெரும்பாலும் ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ இருந்து கதைக்கிறார்கள். அவர்களின் கணக்கு ஹேர்னிங்கிலோ வையிலவிலோ இருக்கிற உங்களுக்குச் சரிவராது. இங்கே காரை விட முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு இருக்கின்றன: ஒன்று வரி, மற்றது 2021 மார்ச் 31 இல் வந்த சட்டம்.

வரியை முதலில் முடித்துவிடுவம். டென்மார்க்கில் புதுக் காருக்கான பதிவு வரி மூன்று அடுக்காக இருக்கிறது: 25%, 85%, 150%. எந்த விலையில் எந்த அடுக்குத் தொடங்கும் என்பது வருடத்துக்கு வருடம் மாறும். ஆனால் ஸ்போர்ட்ஸ் கார் என்று நாங்கள் சொல்கிற எதுவும் மேல் அடுக்கில் போய்த்தான் நிற்கும். அதுவும் மோம்ஸ் சேர்த்த விலைக்கு மேல்தான் இந்த வரி. இதில் பெடியள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. மேல் அடுக்கில் இருக்கிற காருக்கு 20,000 குரோனருக்கு ஒரு கார்பன் பாக்கேஜ் போட்டால், அதற்கு 30,000 வரி சேரும். கையால் போவது 50,000. ஒரு வடிவான சீற்றுக்கு இந்தக் காசா என்று ஒருக்கா யோசியுங்கோ.

மின்சாரக் காருக்கு இந்த வரியில் பெரிய கழிவு உண்டு. 2015 முடியும்வரை மின்சாரக் காருக்குப் பதிவு வரியே இல்லை. அதனால்தான் அந்த வருடக் கடைசியில் டெஸ்லா மொடல் எஸ் வாங்க அடிபட்டார்கள். 2016 இல் வரியைப் படிப்படியாகக் கொண்டுவரத் தொடங்கியதும் விற்பனை விழுந்தது. பிறகு கழிவைத் திரும்பவும் கூட்டினார்கள். 2024 இல் இங்கே பதிவான புதுக் கார்களில் பாதிக்கு மேல் மின்சாரக் கார். ஆகவே 3.1 செக்கனில் 100 ஐத் தொடுகிற மொடல் 3 பெர்ஃபோமன்ஸ், அதைவிட மெதுவான ஒரு பெற்றோல் காரைவிட மலிவாக வருவது டெஸ்லாவின் கெட்டித்தனத்தால் மட்டும் இல்லை. பாதி வேலையை வரித் திணைக்களம் செய்கிறது.

(ரோட்டில் இவ்வளவு 911 ஓடுதே, எல்லாரும் பணக்காரரோ என்று கேட்கிறவர்களுக்கு: அதில் நிறையப் பேர் ஃபிளெக்ஸ் லீசிங். காரை வைத்திருக்கிற காலத்துக்கு ஏற்ற பங்கு வரியை மட்டும் கட்டுகிற முறை. சொந்தமாக வாங்கினதாக நினைத்து ஆரும் பொறாமைப்படத் தேவையில்லை.)

இனி சட்டம். டெனிஷில் வன்விட்ஸ்கோர்ஸல் என்று சொல்கிற பைத்தியக்கார ஓட்டம். நெடுஞ்சாலையோ என்னவோ, 200 ஐத் தொட்டால் அது அந்த வகை. அதைவிட முக்கியம், எல்லை வேகத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல், அதுவும் 100 ஐத் தாண்டி ஓடினாலும் அதே வகை. ஊருக்குள் 50 வலயத்தில் 100 ஐத் தாண்டினால் போதும். இரத்தத்தில் மது 2.00 புரோமிலுக்கு மேல் இருந்தாலும் அதேதான். லைசென்ஸ் போவதோடு நிற்காது, காரையே அரசாங்கம் எடுத்து ஏலத்தில் விற்கலாம். கார் ஆருடையது என்பது பெரிதாகக் கணக்கில் இல்லை. அப்பாவின் காராக இருக்கலாம், லீசிங் கொம்பனியின் காராக இருக்கலாம், சிநேகிதனிடம் ஒரு ரவுண்டுக்கு வாங்கினதாக இருக்கலாம்.

2021 ஒக்டோபரில் நடந்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஒருவர் ஜெர்மனியில் ஒரு லம்போர்கினி ஹுராகான் ஸ்பைடரை வாங்கி, நோர்வேக்குக் கொண்டு போய்க்கொண்டிருந்தார். விலை ஏறக்குறைய 20 இலட்சம் குரோனர். வட யூலாந்தில் 130 வலயத்தில் 236 இல் பிடிபட்டார். வாங்கிச் சில மணித்தியாலங்களில் கார் பொலிசிடம். வீடு போய்ச் சேரவே இல்லை.

அந்தச் செய்தியைப் பார்த்து எல்லாரும் சிரித்தோம். ஆனால் லம்போர்கினி எங்கட ஆக்களின் பிரச்சினை இல்லை. எங்கட வீடுகளில் கார் பெரும்பாலும் அப்பாவின் பெயரில் இருக்கும், வங்கிக் கடனும் அவரின் பெயரில் இருக்கும். கார் போனாலும் கடன் போகாது. மாதாமாதம் கட்ட வேண்டியதுதான், முற்றத்தில் கார் இல்லாமலே. இன்னொன்றும் சொல்ல வேணும். காப்புறுதி மலிவாக வரும் என்று அப்பாவைப் பாவனையாளர் என்று எழுதிவிட்டு, உண்மையில் தினமும் மகன் ஓடுகிற கதை. விபத்து என்று வந்தால் கொம்பனி அதைத் தோண்டும், இழப்பீட்டைக் குறைக்கும். காரை எடுக்கும்போதே உள்ளதை உள்ளபடி எழுதுங்கோ.

இப்ப காருக்கு வருவம். மொடல் 3 பெர்ஃபோமன்ஸின் 3.1 செக்கனைச் சராசரியாக எடுத்துக் கணக்குப் போட்டால், 50 இலிருந்து 100 க்கு ஏறக்குறைய ஒன்றரைச் செக்கன், முப்பது சொச்சம் மீற்றர். ஒரு பஸ் தரிப்பிடத்தின் இந்த அந்தத்திலிருந்து அந்த அந்தம். சத்தம் இல்லை, கியர் இல்லை, உடம்புக்குப் பயமும் தெரியாது. பழைய பெற்றோல் காரில் 100 ஐத் தொட முதல் எஞ்சின் கத்தி உங்களை எச்சரிக்கும். இதில் எச்சரிக்க ஒன்றும் இல்லை. 2024 யூலையில் இருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவாகிற எல்லாப் புதுக் கார்களிலும் வேக எச்சரிக்கை கட்டாயம் இருக்க வேணும். அந்த "பிங் பிங்" தான். நிறுத்தினாலும் அடுத்த முறை காரைத் தொடங்க அது திரும்ப வரும். எரிச்சல்தான், ஆனால் சத்தமில்லாத காரில் அதற்கு ஒரு வேலை இருக்கிறது.

ஊர் ரோட்டில் ஏன் 50 என்று கேட்கிறவர்களுக்கு பள்ளிக்கூட இயற்பியல் காணும். வேகம் இரண்டு மடங்கானால் இயக்க சக்தி நான்கு மடங்கு. பிரேக் பிடித்து நிற்கிற தூரமும் அதேபோல நான்கு மடங்கு. மொடல் 3 பெர்ஃபோமன்ஸின் எடை 1,850 கிலோவுக்குக் கிட்ட. ஹியூண்டாய் அயோனிக் 5 என் 2,200 கிலோவுக்குக் கிட்ட. மஸ்டா எம்எக்ஸ்-5 ஒரு தொன்னுக்குக் கொஞ்சம் மேல். பாரம் கூடக் கூட ரயரும் கெதியாகத் தேயும்.

ரயர் என்றதும் ஞாபகம் வந்தது. ஸ்போர்ட்ஸ் காரோடு வருகிற கோடை ரயர் 7 பாகைக்குக் கீழே இறுகிவிடும், பிடிப்புக் குறையும். டென்மார்க்கில் வருடத்தில் அரைவாசி அந்தக் குளிர்தானே. இங்கே குளிர்கால ரயர் சட்டப்படி கட்டாயம் இல்லை. ஆனால் டோர்ட்முண்டில் சித்தி வீட்டுக் கலியாணத்துக்குப் போக பிளென்ஸ்பேர்க் தாண்டினீர்கள் என்றால், பனியும் பனிக்கட்டியும் உள்ள ரோட்டில் ஜெர்மனி அதைக் கட்டாயமாகக் கேட்கும். எம்2 மாதிரிப் பின்சில்லு இழுக்கிற, 480 குதிரைவலுக் காரில் நவம்பர் மழைக்குக் கோடை ரயரோடு வெளிக்கிடுகிறவரைப் பார்த்தால் எனக்குக் கை நடுங்கும். விலையைக் கணக்குப் பார்க்கிறபோது இரண்டாவது செற் ரயரையும் சேருங்கோ.

சரி, என்னுடைய பதில். நான் எடுக்கிறதாக இருந்தால், தனியாள், வீட்டில் இன்னொரு கார் இருக்கிறது என்றால் எம்எக்ஸ்-5. 184 குதிரைவலு, கையால் மாற்றுகிற கியர், 100 க்குப் போக ஆறரைச் செக்கன். டெஸ்லாக்காரன் சிரிப்பான், சிரிக்கட்டும். 80 வலயத்துச் சின்ன ரோட்டில், வளைவில், 70 இல் போகும்போதே அது சந்தோசம் தரும். அதே சந்தோசத்துக்கு 911 க்கு 150 வேணும், அந்த 150 இல் உங்கட லைசென்ஸ் இல்லை. ஒன்றே ஒன்று, இரண்டு சீற்தான். கோயில் தேருக்கு அம்மாவையும் அம்மம்மாவையும் ஏற்ற முடியாது. அம்மம்மாவால் அந்தக் காருக்குள் இறங்கவும் முடியாது, பிறகு எழும்பவும் முடியாது.

ஒரே காரில் எல்லாம் நடக்க வேணும் என்றால், பாவித்த கொல்ஃப் ஜிரிஐ அல்லது ஆர். ஐந்து பேர், கோயிலுக்குப் போற அவியல் சட்டி, ஐகியா பெட்டி எல்லாம் கொள்ளும். எம்2 நல்ல கார்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் இரண்டு கதவு, வருடம் முழுக்க மழை, 480 குதிரைவலு. இங்கே அதைப் பாவிக்க இடம் எங்கே?

இடம் இருக்கிறது, ரோட்டில் இல்லை. சில்கபோர்க்குக் கிட்ட யூலான்ட்ஸ்ரிங்கன், ஜெர்மன் எல்லையில் பாட்போர்க் பார்க். ஒன்பது தடவை லெ மான் வென்ற டொம் கிறிஸ்டன்சன் இந்த நாட்டு ஆள்தான். பந்தயத் திடலுக்குப் போகமுதல் காப்புறுதிப் பத்திரத்தை ஒருக்கா வாசியுங்கோ. சாதாரணக் கார்க் காப்புறுதி அங்கே பெரும்பாலும் செல்லாது.

டெஸ்லாதான் என்று முடிவு கட்டினவர்களுக்கும் கோபமில்லை. வரிக் கணக்கில் அது நியாயம். எடுத்த அன்றைக்கே இரண்டு வேலை செய்யுங்கோ. முடுக்கத்தை சில் மோடில் போட்டுவிட்டு ஒரு மாதம் ஓடிப் பாருங்கோ. மற்றது, அதில் ஒரு ரகசிய எண் வைத்து அதிகபட்ச வேகத்தைப் பூட்ட முடியும். தம்பி சனிக்கிழமை இரவு வந்து "அண்ணா, திறப்பைத் தாங்கோ, ஒரு ரவுண்டு மட்டும்" என்று கேட்கும்போது, பூட்டிவிட்டுக் கொடுங்கோ. எண்ணை மட்டும் சொல்லாதேங்கோ.