விமானத்தில் கையடக்கத் தொலைபேசியை ஏன் அணைக்கச் சொல்கிறார்கள்?

மாணவர்களே, வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போகும் உறவினரை வழியனுப்பக் கட்டுநாயக்க வரை சென்றவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அவர் விமானம் ஏறியதும் தொலைபேசித் தொடர்பு அற்றுப்போகும். காரணம் கேட்டால், "போன் பேசினால் விமானம் விழுந்துவிடும்" என்று சிலர் எழுதுகிறார்கள். அது மிகைப்படுத்திய விடை. உண்மையான காரணங்கள் இரண்டு.

கற்பிட்டியிலிருந்து கடலுக்குப் போகும் மீனவர்களைக் கேட்டுப் பாருங்கள். கரை விலக விலக போனின் பற்றரி விரைவாகத் தீரும் என்பார்கள். கோபுரம் தூரமானால் தொலைபேசி அதிக வலுவுடன் அலைகளை அனுப்பும். ஏறத்தாழ 10 கிலோமீற்றர் உயரத்தில், உலோக உடலுக்குள் இருக்கும் தொலைபேசியும் அப்படியே. 900 மெகாஹேர்ட்ஸ் மீடிறனில் இயங்கும் இரண்டாம் தலைமுறைத் தொலைபேசி 2 வாட் வரை வெளியிடக்கூடியது. அவ்வகைப் போனை வானொலிப்பெட்டி அருகே வைத்தால், அழைப்பு வருமுன் 'டிர்ர்' என்று ஓர் இரைச்சல் கேட்கும். செக்கனுக்கு 217 தடவை விட்டுவிட்டு அது அலைகளை அனுப்புவதால் வரும் ஒலி அது. விமானியின் காதொலியிலும் இதே இரைச்சல் புகலாம். தரையிறங்கும் வேளையில் கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்லும் ஓர் எண் தவறினாலும் ஆபத்துத்தான். விமானிகள் பேசுவது 118 முதல் 137 மெகாஹேர்ட்ஸ் வரையான மீடிறனில். ஆகவே "இரண்டும் ஒரே மீடிறன்" என்று எழுதிப் புள்ளியை இழக்காதீர்கள். இரைச்சல் வயர்கள் வழியே புகுகிறது.

இரண்டாவது காரணத்தைப் பலர் எழுதுவதே இல்லை. தரையில் உங்கள் போனுக்கு அருகிலுள்ள சில கோபுரங்களே எட்டும். வானிலிருந்தோ புத்தளம், சிலாபம், குருநாகல் என்று பல ஊர்க் கோபுரங்கள் ஒருங்கே எட்டும். ஒரே மீடிறனைத் தூரத்துக் கோபுரங்கள் மீண்டும் பயன்படுத்துவதால், தரையில் பேசுவோருக்கு இடைஞ்சல் உண்டாகும். அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு 1991இல் தடை விதித்தது முக்கியமாக இதற்காகத்தான்.

2008 மார்ச் 20இல் எமிரேட்ஸ் விமானமொன்றில் பயணிகள் தமது போனிலேயே பேசினார்கள். விமானத்துக்குள் சிறிய தள நிலையம் ஒன்று வைக்கப்பட்டிருந்தது. அது அருகிலேயே இருப்பதால் போன் மிகக் குறைந்த வலுவில் இயங்கும். அழைப்பு செய்மதி வழியாகத் தரைக்குப் போகும். 2013இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிருவாகம், 'பிளைட் மோட்' நிலையில் வைத்த போனைப் பயணம் முழுவதும் பயன்படுத்த வழிவிட்டது. அந்நிலையில் போன் கோபுரங்களைத் தேடுவதில்லை. படம் பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம்.

கட்டுநாயக்கவிலிருந்து துபாய்க்கு ஏறத்தாழ நான்கரை மணித்தியாலம். இணைய வசதி இல்லாத விமானமென்றால், அதுவரை வீட்டில் அம்மா எத்தனை தடவை எடுத்தாலும் "தொடர்புகொள்ள முடியவில்லை" என்ற குரலே கேட்கும்.